பழைய ஸ்பார்க்ஸ்டேஷனை நெட்வொர்க் வழியே பூட் செய்தல்

கேள்வி: சிடி டிரைவும் ஃபிளாப்பி டிரைவும் பழுதான ஸ்பார்க்ஸ்டேஷன் 5 (சன் நிறுவனத்தின் பழைய கணினி) ஒன்றில் நெட்பிஎஸ்டி இயங்குதளத்தை நிறுவ விரும்புகிறேன். லினக்ஸ் கணினியில் டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை), டிஎஃப்டிபி (பூட் கோப்பை அனுப்பும் சேவை) இரண்டும் இயங்குகின்றன. ஆனால் ‘பூட் நெட்’ கொடுத்தால், ரார்ப் (ஈதர்நெட் முகவரியைச் சொல்லி ஐபி முகவரியைக் கேட்கும் நெறிமுறை) பாக்கெட்டுக்குக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டதாகவே திரையில் செய்தி வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் டிஎச்சிபி சர்வரில் தவறேதும் இல்லை, இந்த இயந்திரம் அதனிடம் எதையும் கேட்கவே இல்லை. சன் நிறுவனத்தின் அக்கால ஓப்பன்பூட் (கணினியைத் தொடக்கும் உள்நிரல்), தன் ஐபி முகவரியை 1984-இல் வரையறுக்கப்பட்ட ரார்ப் நெறிமுறையின் வழியாகவே கேட்கிறது. அந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டாது என்பதால், ரார்ப்டி (ரார்ப் கேள்விக்குப் பதில் தரும் நிரல்) இயங்கும் கணினி அதே நெட்வொர்க் பிரிவில் இருக்க வேண்டும்.

முதலில், பவர் போட்டதும் திரையில் தோன்றும் ஈதர்நெட் முகவரியைப் பாருங்கள். அது 8:0:20 என்று தொடங்கினால் நல்லது. எல்லா இடங்களிலும் ‘எஃப்எஃப்’ என்றிருந்தால், அமைப்புகளைச் சேமித்து வைக்கும் என்விராம் சில்லுக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். இந்த வயது இயந்திரங்களில் இது சாதாரணம். அந்த முகவரியை ஓகே பிராம்ப்டில் (ஓப்பன்பூட் கட்டளைக்காகக் காத்திருக்கும் இடத்தில்) மீண்டும் எழுதிய பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும்.

முகவரி சரியாக இருந்தால், அதையும் ஸ்பார்க்ஸ்டேஷனின் பெயரையும் லினக்ஸ் கணினியின் ஈதர்ஸ் கோப்பிலும், அதே பெயரையும் ஐபியையும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் சேருங்கள். பலர் இடறும் இடம் இதற்கு அடுத்தது: லினக்ஸின் ரார்ப்டி, டிஎஃப்டிபி அடைவில் அந்த இயந்திரத்துக்கான பூட் கோப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பதில் அனுப்பும், இல்லையென்றால் எந்தச் செய்தியும் தராமல் மௌனமாக இருந்துவிடும். உங்கள் சிக்கலும் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கோப்பின் பெயர், ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளால் எழுதியதாகும்: 192.168.1.10 என்பது ‘சி0ஏ8010ஏ’ ஆகும். சன்4எம் வகையைச் சேர்ந்த உங்கள் இயந்திரம் அதனுடன் ‘.சன்4எம்’ என்ற பின்னொட்டையும் சேர்த்துக் கேட்கும் என்பதால், பூட் கோப்புக்கு இரண்டு பெயர்களிலும் இணைப்பு கொடுத்துவிடுங்கள். அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, சர்வரில் டிசிபிடம்ப் (நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, கேள்வி வருகிறதா, பதில் போகிறதா என்று கவனிப்பதே என் பரிந்துரை. கேள்வியே வரவில்லையென்றால் கேபிளையும் ஸ்விட்சையும் சோதியுங்கள். இந்த இயந்திரத்தின் சொந்த ஈதர்நெட் வேகம் 10 எம்பிபிஎஸ் மட்டுமே, அதிவேகப் புதிய ஸ்விட்சுகள் சில அந்த வேகத்தை ஏற்பதில்லை.

ரார்ப் பதில் கிடைத்ததும் திரையில் எண்கள் ஓடத் தொடங்கும். அது டிஎஃப்டிபி வழியே பூட் நிரல் இறங்குவதன் அடையாளம். அதன் பிறகு, ரூட் அடைவு எங்கே என்று அந்த நிரல் பூட்பேராம்டி என்ற சர்வர் நிரலிடம் கேட்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னலை என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியே எடுக்கும். இங்கே நின்றுவிட்டால், சர்வர் யூடிபி நெறிமுறை வழியாக என்எஃப்எஸ்ஸின் பழைய பதிப்பை வழங்குகிறதா என்று பாருங்கள். இன்றைய லினக்ஸ் விநியோகங்கள் பலவற்றில் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும்.