சிலிண்டர் இருக்கிற வீட்டில் ஏன் புகை வருகிறது?

கிராமத்து மகளிர் குழுக்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். குழுவில் யார் கடன் கேட்டாலும் பேச்சு கடைசியில் அடுப்பு, விறகு, கரண்ட் பில் என்றுதான் போய் நிற்கும். அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்து, வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மதுரை வாசகர்: எங்கள் ஊரில் உஜ்வலா இணைப்பு வாங்காத வீடே இல்லை. ஆனாலும் சாயங்காலம் தெருவெல்லாம் விறகுப் புகை. இலவசமாகக் கொடுத்தும் பழக்கத்தை விட மாட்டார்களா அக்கா?

இணைப்புதான் இலவசம், தம்பி. எரிவாயுவுக்குக் காசு. உஜ்வலா என்பது ஏழை வீட்டுப் பெண்களின் பெயரில் கேஸ் இணைப்பு கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம். 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியா ஊரில் தொடங்கிய அது, 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்பைத் தொட்டுவிட்டது. பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2019-20இல் அந்த வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று சிலிண்டர்தான் வாங்கின. 2023-24இலும் சராசரி நான்கைத் தொடவில்லை. நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று வேளையும் கேஸில் சமைத்தால் ஏழெட்டு சிலிண்டராவது வேண்டும். மீதி நாட்களில் சோறு எதில் வெந்தது என்று நினைக்கிறீர்கள்?

கூலி வீட்டில் காசு துண்டு துண்டாக வரும், துண்டு துண்டாகவே போகும். எண்ணெய் இருபது ரூபாய்க்கு, பருப்பு நூறு கிராம், ஷாம்பு ஒரு பொட்டலம். மளிகைக் கடைக்காரர் இப்படி அளந்து தருவார், கடன் நோட்டிலும் எழுதுவார். சிலிண்டரை அப்படி யாரும் தருவதில்லை. சென்னையில் அதன் விலை 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாய், 2025 ஏப்ரலில் 868.50. உஜ்வலா வீடுகளுக்கு 2022 மே முதல் 200 ரூபாய் மானியம், 2023 அக்டோபரில் அது 300 ஆனது. இந்த மானியம் வங்கிக் கணக்குக்குப் பிற்பாடுதான் வரும். வாசலில் முழுப் பணத்தையும் எண்ணி வைக்க வேண்டும், தூக்கி வந்தவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் பத்து நாள் வேலை இல்லாத வீட்டில் அந்தப் பணம் எங்கே இருக்கும்?

பழக்கம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சேதி. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நம் பக்கம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்தினார்கள். பாதிப் பேருக்கு அடுப்பும் எரிவாயுவும் ஒன்றரை ஆண்டுக்கு இலவசமாக வீடு தேடிப் போயின. அந்த வீடுகளில் விறகடுப்பு ஏறக்குறைய அணைந்தே போனது. பாட்டி காலத்துப் பழக்கம், மண்சட்டி ருசி என்பதெல்லாம் சிலிண்டர் தீராத வரைக்கும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

திருநெல்வேலி வாசகி: அதே ஆய்வில், பிறந்த குழந்தைகளின் எடை கூடவில்லை என்று படித்தேன். அப்படியானால் புகையால் கெடுதல் இல்லையா?

நல்ல கேள்வி, பலர் மறைத்துவிடுகிற சேதி. 2022இல் முடிவு வந்தபோது எடையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பெண்கள் சுவாசித்த புகை நுண்துகள் மட்டும் விறகடுப்பு வீடுகளில் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவிலும், கேஸ் கொடுத்த வீடுகளில் 24 அளவிலும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 5தான், 24கூட அதைவிட மிக அதிகம். அடுத்த வீட்டுப் புகை, குப்பை எரிக்கும் புகை, சாலைப் புழுதி இவற்றை உங்கள் வீட்டுக் கேஸ் அடுப்பு நிறுத்தாது. தவிர, கருவுற்ற பிறகு அடுப்பை மாற்றினால் அதற்கு முன்னே இழுத்த புகை எங்கே போகும்? குழந்தையின் எடையை மட்டும் வைத்துப் புகையை விடுதலை செய்துவிட முடியாது. வீட்டுக்குள் புகும் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பக்கவாதம், மாரடைப்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு எல்லாம் அதில் அடக்கம்.

சாயல்குடி வாசகர்: எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள் சும்மா கிடைக்கிறது. காசு கொடுத்து கேஸ் எதற்கு?

சும்மா என்பது யார் கணக்கில், அண்ணே? வெட்டுவதும் கட்டுவதும் சுமப்பதும் உங்கள் வீட்டு அம்மாதானே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விறகின் சூட்டில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் சாதாரண அடுப்பில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும், மற்றது காற்றுக்கு. கேஸ் அடுப்பில் அறுபது சதவீதத்துக்கு மேல் சேரும். இதை வைத்துப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 150 முதல் 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். ஒரு சுமை 20 கிலோ என்றால் எட்டுப் பத்து நடை. முள் தைத்த கையும் கழுத்து வலியும் கணக்கில் ஏறாது. அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலியை எழுதிப் பாருங்கள்.

அதற்காக நாளைக்கே விறகை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெந்நீரையும் மாட்டுக்குக் கஞ்சியையும் வெளி அடுப்பில் வையுங்கள். விறகை நன்றாகக் காயவிடுங்கள், ஈர விறகில்தான் புகை மண்டும். புகைபோக்கி வைத்த மண் அடுப்பை அரசாங்கமே 1983 வாக்கில் நாடு முழுக்கப் பரப்பத் தொடங்கி 2002இல் கைவிட்டது. கட்டிக் கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தது, அடுப்பில் விரிசல் விழுந்தது, பூசிக் கொடுக்க ஆளில்லை. நீங்கள் வைத்தால் மாதம் ஒருமுறை கரியைத் தட்டுங்கள்.

திருப்பூர் வாசகி: லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் தனி மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் எங்களுக்குக் கிடையாதா?

2016 மேயில் வந்த அந்தச் சலுகை மின்வாரிய இணைப்புக்குத்தான் கணக்காகிறது. நாலு குடும்பத்துக்கு ஒரே இணைப்பு என்றால் நூறு யூனிட்டும் ஒரே பில்லில் கழியும், அந்த லாபம் வீட்டுக்காரர் கைக்குப் போகும். நாலு வீட்டு யூனிட்டும் ஒன்றாகச் சேர்வதால் பில் யூனிட் விலை கூடுதலான மேல் படிக்கு ஏறிவிடும், அதைக் காட்டியே அவர் பத்து ரூபாய்க்கு நியாயம் சொல்வார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு வாங்குவதுதான் வழி. நாலு குடும்பமும் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்வார், இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சேலம் வாசகர்: இலவச மின்சாரத்தில் இன்டக்ஷன் அடுப்பு வைத்தால் கேஸ் செலவே இல்லையே?

முழுச் சமையலுக்கு நாளுக்கு மூன்று யூனிட் போகும். இரண்டு மாதத்தில் 180. விளக்கு, மின்விசிறி, டிவியே நூறில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். காலையில் டீ, வெந்நீர், ஒரு குக்கர் சோறு மட்டும் அதில் வைத்தால் சிலிண்டர் சில நாள் கூடுதலாக வரும். பழைய ஒயரிங் உள்ள வீட்டில் எலெக்ட்ரீஷியனிடம் காட்டாமல் செருகாதீர்கள்.

கல்லூரி மாணவர்: இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டது என்று பாடத்தில் இருக்கிறதே?

2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களோடு நூறு வீட்டில் பத்து வீட்டுக்கு விளக்கு எரிந்தால் அது மின்மயமான கிராமம். இந்த இலக்கணத்தையும் பாடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: எங்கள் பட்டறையில் ஒடிசாப் பையன்கள் தெருவோரக் கடையில் கிலோ கணக்கில் கேஸ் நிரப்பிக்கொள்கிறார்கள். முகவரிச் சான்று இல்லை. வேறு வழி உண்டா?

உண்டு. அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்குகளிலும் விநியோகஸ்தர்களிடமும் கிடைக்கும். இந்தியன் ஆயில் அதைச் சோட்டு என்ற பெயரில் விற்கிறது. கிலோ விலை வீட்டுச் சிலிண்டரைவிட அதிகம்தான். குடும்பத்தோடு வந்திருந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் உஜ்வலா கேட்கலாம். 2021க்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்களுக்கு ரேஷன் அட்டைக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகச் சுய உறுதிமொழி போதும். உஜ்வலாவில் பெரிய சிலிண்டருக்குப் பதில் 5 கிலோவும் வாங்கலாம். இருப்பு இல்லை என்பார்கள், விடாமல் கேளுங்கள். தெருவில் நிரப்பும் சிலிண்டரில் வால்வு தேய்ந்திருக்கும், எத்தனை கிலோ ஏறியது என்பதும் தெரியாது. பையன்கள் அறையில் இப்போது இருக்கும் டியூபை இன்றைக்கே பாருங்கள். விரிசல் இருந்தால் மாற்றிவிட்டு மற்றதைப் பேசலாம்.