ஒரு மாக்கட்டி (வாசகர் கடிதம்)

வணக்கம் அண்ணா,

கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (பிரேதங்களை) அரசு எரித்தது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். ஒரு விசயத்தில் என்னால் உடன்பட முடியவில்லை. நான் மட்டக்களப்பு. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தபோது என் பெரியம்மாவின் பேத்தி இங்கே சீயோன் தேவாலயத்தில் இருந்தாள். தப்பிவிட்டாள். ஆனால் இன்றைக்கும் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாள். குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்காரன். அதற்குப் பிறகு என் அம்மா காத்தான்குடிக் கடைகளுக்கு உடுப்பு எடுக்கப் போவதில்லை. இதையும் இனவாதம் என்பீர்களா? சிங்கள அரசியல்வாதிகள் மோசம்தான், சரி. ஆனால் முஸ்லிம்களைப் பாதுகாப்பு அச்சுறுத்தல் என்று அவர்கள் சொன்னது முழுப்பொய்யா? தங்களுக்குள் இருந்தவனை அந்தச் சனம் ஏன் முதலே காட்டிக்கொடுக்கவில்லை?

கே., லண்டன்

அன்புள்ள கே.,

பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் அன்று அங்கே செத்தார்கள். உங்கள் அம்மாவின் பயத்துக்கு இனவாதம் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வராது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதற்குத்தான் நேரான பதில் இருக்கிறது. காட்டிக்கொடுத்தார்கள். ஸஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே திரும்பத் திரும்ப முறைப்பாடு செய்தார்கள். 2017 மார்ச்சில் அவனுடைய ஆட்கள் சூஃபிக்காரர்களோடு மோதி அது வாள்வெட்டில் முடிந்த பிறகுதான் அவன் தலைமறைவானான். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கையும் கொழும்புக்கு வந்துவிட்டது. குண்டு வெடித்தது 21ஆம் திகதி. இடையில் பதினேழு நாள். குண்டுக்குப் பிறகு, 26ஆம் திகதி, சாய்ந்தமருதில் ஸஹ்ரானின் குடும்பம் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். தூங்கியது யார் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எச்சரிக்கை இருந்தும் எதுவும் செய்யாததற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இனி 'பாதுகாப்பு அச்சுறுத்தல்' என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். இந்தப் பேச்சு குண்டுக்குப் பிறகு பிறந்தது என்று நீங்கள் நினைப்பதுபோல் தெரிகிறது. அதற்கு முன்னமே அது ஊரில் தண்ணீர் ஊற்றி வளர்க்கப்பட்டிருந்தது. 2012இல் பொது பல சேனா என்ற சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பு தொடங்கியது, 2013இல் ஹலால் முத்திரைச் சண்டை, 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்கள் மீதான கலவரம். இவை எல்லாவற்றையும் விட எனக்கு மறக்க முடியாதது அம்பாறைச் சாப்பாட்டுக்கடைச் சம்பவம்தான்.

2018 பெப்ரவரி 26 இரவு. ஒரு முஸ்லிம் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கறிக்குள் ஏதோ வெள்ளைக்கட்டி கிடக்கிறது என்று சத்தம்போட்டார்கள். 'வந்த பெத்தி' என்றார்கள். சிங்கள ஆண்களை மலடாக்குகிற மாத்திரையாம். காசு மேசையில் இருந்தவருக்குச் சிங்களம் மட்டுமட்டு. சுற்றிவரக் கூட்டம், முகத்துக்கு நேரே போன் கமரா. போட்டாய்தானே என்று அதட்டுகிறார்கள், மனிதர் பயத்தில் தலையை ஆட்டுகிறார். அவ்வளவுதான், 'ஒப்புதல் வாக்குமூலம்' கிடைத்துவிட்டது. வீடியோ நாடு முழுக்கப் போனது. கடை உடைந்தது, பள்ளிவாசலும் தப்பவில்லை. அடுத்த வாரம் கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, அவசரகாலச் சட்டம் வந்தது. ஆணைச் சாப்பாட்டில் வைத்து நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் இல்லவே இல்லை. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார். மாக்கட்டி. கரையாத மா.

அந்தத் தலையாட்டலை நான் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். சோதனைச்சாவடியில் சிங்களத்தில் கேட்ட கேள்வி விளங்காமல் நானும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன். நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.

குற்றம் என்றால் யார், எப்போது, எதைக்கொண்டு என்று காட்ட வேண்டும். அச்சுறுத்தல் என்று சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, எந்தப் பொருளும் சாட்சியாகிவிடும். 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். அவருடைய சட்டையில் கப்பல் சுக்கான் படம் போட்டிருந்தது, அது தர்மச்சக்கரமாகத் தெரிந்துவிட்டது. இரண்டு கிழமைக்கு மேல் சிறை. அதே மாதம் ஒரு சிங்கள நாளிதழ், ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கள்ளமாகக் கருத்தடை செய்தார் என்று முதல் பக்கத்தில் போட்டது. அடுத்த நாளே குருநாகலில் ஒரு மருத்துவர் கைதானார். புலனாய்வுத் துறையே ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. திரும்பவும் அதே மலட்டுக் கதை, கவனித்தீர்களா? மாத்திரை போய்க் கத்தி வந்தது.

பிறகு பிரேதமும் அச்சுறுத்தலானது. கொரோனாவில் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 2020 டிசம்பரில் இருபது நாள் குழந்தை ஒன்றையும் எரித்தார்கள். சனம் பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் புதைக்க விட்டார்கள், அதுவும் தூரத்தில், ஓட்டமாவடியில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்ததை யார் திருப்பிக் கொடுப்பது?

இதில் யாருக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். குண்டு வெடித்து ஒரு கிழமைக்குள் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார். நவம்பரில் 52 வீத வாக்கோடு வென்றார். பதினேழு நாள் அந்த எச்சரிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு யார் இருந்தது என்ற கேள்வி அபாயாவுக்கும் கொத்துரொட்டிக்கும் பின்னால் ஒளிந்துகொண்டது. சீயோனில் செத்த பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கேள்விதான், கே.

இனி எங்களுடைய கதை. 2007 ஜூன் 7 விடியற்காலை கொழும்பு லொட்ஜுகளில் இருந்து 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். பாதுகாப்புக் காரணமாம். என்னோடு அறையில் இருந்தவனின் மாமா ஒருவர் கண் ஒப்பரேசனுக்கு வந்து வெள்ளவத்தையில் தங்கியிருந்தார். கண்ணில் பஞ்சு ஒட்டியபடியே வவுனியாவில் இறங்கினார். ‘கொட்டியா’ (புலியா) என்று ஒருவன் கேட்டானாம். அறுபத்தெட்டு வயது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது, பிரதமர் மன்னிப்பும் கேட்டார். அன்று எங்களில் யாராவது, புலிகள் குண்டு வைக்கிறார்கள்தானே, சிங்களவரின் பயம் இயற்கைதானே என்று கடிதம் எழுதினோமா?

எழுதவில்லை. ஆனால் அதே சொல்லை நாங்களும் வைத்திருந்தோம். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைக் காட்டிக்கொடுப்பவர்கள் என்று சொல்லி முழுதாகத் துரத்தினார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2002இல் புலிகளின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அது பிழை என்று ஒத்துக்கொண்டார். துரத்தப்பட்டவர்கள் தங்கிய புத்தளம் முகாமில் முதலில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்போது பதினொரு வயது.

உங்கள் அம்மா எந்தக் கடைக்குப் போகிறார் என்பது அவருடைய விருப்பம். அவரை யாரும் இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. ஆனால் நீங்கள் அந்தப் பயத்தை லண்டனில் இருந்து ஒரு வாதமாக எழுதி அனுப்புகிறீர்கள். எனக்கு அதில்தான் மனவருத்தம்.

1990இல் எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் இருந்த சோனகத் தெருச் சனம் விட்டுப்போன சாமான்கள் சில மாதம் கழித்து மலிவு விலைக்கு விற்பனைக்கு வந்தன. எங்கள் வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வந்தது. அதன் லாச்சிக்குள் நாலைந்து நூல்கட்டையும் மடித்த கடதாசித் துண்டு ஒன்றும் கிடந்தன. துண்டில் பென்சிலால் ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை அளவு எழுதியிருந்தது, இடுப்பு 22, நீளம் 26. அம்மா அதை வாசித்துவிட்டு மடித்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். அந்த மெஷினில்தான் எனக்குப் பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்தார்.