மீன் நோட்டும் தடைக்காலமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 38. புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக ஞாயிறு காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஒரு மீனைப் பென்சிலில் வரைந்து, விற்பவர்கள் அதற்குச் சொல்லும் பெயரைப் பக்கத்தில் எழுதி வந்தேன். 97 மீன்கள் ஆகியிருந்தன. ஜனவரியில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. மார்ச்சிலேயே தேறிவிட்டார். நான்தான் இன்னும் நோட்டைத் தொடவில்லை. அலமாரியைத் திறந்தாலே குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. இதனால் என்ன பயன் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். காணொளியாகப் போட்டால் காசு வரும் என்கிறான் நண்பன். வேலையை இரண்டு ஆண்டு விட்டுவிட்டு முழுமூச்சாக முடித்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. சங்கரா மீனை வரைந்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எம்., புது வண்ணாரப்பேட்டை


அன்புள்ள எம்.,

வேலையை விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற தைரியத்தில்தான் இன்றைக்கு எந்த மீன் என்று நீங்கள் சாவகாசமாக யோசிக்க முடிகிறது. தினமும் வரைந்தே தீரவேண்டும் என்றானால் அதுவும் ஓர் அலுவலகமாகிவிடும். சம்பளமில்லாத அலுவலகம்.

ஜார்ஜ் டவுனில் பச்சையப்பன் கல்வி நிலையம் இருந்த காலத்தில் அங்கே தமிழாசிரியராக இருந்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். புராணங்களில் வரும் பெயர்களைத் தொகுக்கலாம் என்று 1890 வாக்கில் தொடங்கினார். பள்ளிக்கூட வேலை ஒரு பக்கம், தொகுப்பு ஒரு பக்கம். பெயர்கள் பெருகின, சோதிடம், வைத்தியம், செடிகொடி என்று எல்லாம் உள்ளே வந்தன. அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்து, மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்க, 1910-இல் அந்தச் சங்கம் வழியாக ‘அபிதான சிந்தாமணி’ என்ற கலைக்களஞ்சியம் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் வெளிவந்தது. இருபது ஆண்டு. அதோடாவது விட்டாரா? மேலும் சேர்த்துக்கொண்டே இருந்தார். விரிந்த பதிப்பு 1934-இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ‘முடித்துவிடலாமா’ என்ற உங்கள் சொல்லைப் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது.

இனி நின்றுபோன கதைக்கு வருவோம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் பழைய வீடுகளின் நெற்றியில் கட்டிய ஆண்டு சுண்ணாம்பில் எழுதியிருக்கும் அல்லவா, அதைப் பதினான்கு ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் கணினியில் ஒழுங்காக ஏற்றிய பிறகுதான் அடுத்த வீடு என்று முடிவெடுத்தேன். எட்டு மாதம் கட்டம் போட்டேன், நிறம் கொடுத்தேன், ஒரு தெருவுக்கும் போகவில்லை. 1931 என்ற எண்ணுக்கு இரண்டு பக்கமும் கிளி வைத்த ஒரு வீடு இருந்தது. ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். வெயில் நேராக விழும் நாளில் வந்து படமெடுக்கலாம் என்று விட்டிருந்தேன். எட்டு மாதம் கழித்துப் போனால் தகரத் தடுப்பு, உள்ளே குழி.

இப்படிச் சொன்னதும் இடைவெளியே விடக்கூடாது என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் போகிற துறைமுகத்தையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வலையைப் பிரித்துப் பழுது பார்க்கிறார்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைக் கழற்றி மாட்டுகிறார்கள். தொழில் நின்றுபோயிற்று என்று யாரும் தலையில் கைவைத்து உட்காருவதில்லை, கையில் காசு இல்லாத கவலை இருக்கும், அது வேறு. திரும்பப் போகும் தேதி கரை ஏறும்போதே தெரியும். உங்கள் நோட்டுக்கு அந்தத் தேதி இல்லாமல் போயிற்று. அப்பாவுக்கு முடியாத மனிதனால் ஜனவரியில் தேதி குறித்திருக்க முடியாதுதான். இப்போது குறியுங்கள். நான் இதை எழுதும்போது தடைக்காலம் முடியப் பத்து நாள் இருக்கிறது. படகுகள் திரும்பும் முதல் ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் நோட்டைப் பிரிக்கக்கூட இடம் இருக்காது, இடித்தே தள்ளிவிடுவார்கள். அதற்கடுத்த ஞாயிறு போங்கள். அதுவரை அலமாரியைத் திறக்கவே வேண்டாம்.

பயன் கேட்கும் உறவினர்களுக்கு ஒரு செய்தி. பாட்ரிக் ரசல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே நியமித்தது செடிகொடிகளை ஆராய. அவரோ விசாகப்பட்டினத்தில் மீனையும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளூர் ஓவியரைக் கொண்டு வரையச்செய்து, தெலுங்குப் பெயர்களையும் சேர்த்து, 200 மீன்களை 1803-இல் நூலாக்கினார். நம் பக்கத்துப் பெயர்களும் இப்படிக் குறித்துவைக்க வேண்டியவைதான். காசிமேட்டு வஞ்சிரம் தூத்துக்குடியில் சீலா, கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன். ஆனாலும் உறவினர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விடுங்கள்.

உங்கள் சங்கராவைப் பார்த்தேன். வால் சரியில்லை, அது போகட்டும். ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, “ஏழே காலுக்குச் செம்பருத்திச் சிவப்பு, வீடு வந்தபோது வெளிறிய ரோஜா” என்று, அந்த வரியை மூன்று முறை படித்தேன். இவ்வளவு காலம் சங்கரா வாங்கியிருக்கிறேன், பையில் வரும் வழியிலேயே நிறம் போகிறது என்று கவனித்ததில்லை.

காணொளி போடுவதில் பாவம் ஒன்றும் இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திங்கட்கிழமை எண்ணத் தொடங்கினால் மட்டும், அடுத்த ஞாயிறு வரைய வேண்டிய மீனை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுயரச் சுறாதான் எப்போதும் ஜெயிக்கும். காரப்பொடி மாதிரிச் சின்ன மீனுக்கு முறை வரவே வராது.

காரப்பொடி உங்கள் 97-இல் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஞாயிறு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும், அரைமணி நேரம் போதும். பத்து ரூபாய்க்குக் கேட்டால் அந்த அம்மா திட்டுவார், கூறாக வாங்கிக்கொள்ளுங்கள். வரைந்தது போக மீதியை அப்பாவுக்கு வறுத்துக் கொடுக்கலாம்.