பெட்டியில் ஒரே சொல், ஒரு போத்தல் மட்டும் கோணல்

கேள்வி: பிள்ளைகளுக்கு இரண்டு தண்ணீர்ப் போத்தல் வாங்கினேன். ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு விலை. இரண்டு பெட்டியிலும் 'கோ-பொலியெஸ்டர்' என்று இருந்தது. மலிவானதில் கூடவே 'பெட்-ஜி' என்றும் போட்டிருந்தது. மகனுக்குத் தடிமன் என்று கொத்தமல்லி அவித்து, கொதிக்கக் கொதிக்க இரண்டிலும் ஊற்றினேன். மலிவான போத்தலின் தோள் உள்ளே இறங்கிவிட்டது. அடி புடைத்து, மேசையில் நிற்காமல் ஆடுகிறது. மற்றதற்கு ஒன்றுமில்லை. கடைக்காரரோ "இரண்டும் ஒரே பிளாஸ்டிக்தான்" என்கிறார். எனக்குத் தந்தது போலியா?
- வாசகி, உப்புவெளி

பதில்: போலி இல்லை. கடைக்காரர் சொன்னதும் பாதி சரி. கோ-பொலியெஸ்டர் என்பது வெறும் குடும்பப் பெயர். சம்பாவா நாட்டரிசியா என்று சொல்லாமல் 'அரிசி' என்று மட்டும் எழுதி விற்பது போலத்தான் இதுவும்.

ஈர்க்கு விளக்குமாறு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நேரான ஈர்க்குகள் நெருங்கிப் படுக்கும், கட்டு இறுகும். சோடாப் போத்தல் செய்கிற 'பெட்' என்ற சாதாரண பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளும் அப்படித்தான், சீராக அடுக்காகும். அந்த ஒழுங்கான அடுக்கைத்தான் பளிங்கு என்கிறோம். அந்த அடுக்கைக் குலைத்து உருக்கச் சுமார் 250 பாகை செல்சியஸ் வேண்டும். கட்டுக்குள் வளைந்த ஈர்க்குகளைச் செருகினால் என்ன ஆகும்? பெட்-ஜியில் நடப்பது அதுதான். பெட் செய்யும் மூலப்பொருள்களில் ஒன்றான எதிலீன் கிளைக்கோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, வளைய வடிவமுள்ள பருத்த கிளைக்கோல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். வரிசை குழம்பிப் பளிங்கே பிடிக்காது. அதனால்தான் சுவர் தடித்திருந்தாலும் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் சூடேறும்போது உருவத்தைப் பிடித்து வைத்திருக்கவும் பளிங்கு இல்லை. 80 பாகையை அண்டியதும் சங்கிலிகள் தளர்ந்து அசையும்; வார்த்தபோது உள்ளே அடைபட்ட இழுவை, போத்தலைக் கோணலாக்கிவிடும். கொதிதண்ணீர் 100 பாகை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பருத்த கிளைக்கோலை அரைகுறையாகக் கலக்காமல் முழுக்கப் போட்டால் பளிங்கு திரும்பி வந்துவிடும். உருகுநிலை 285 பாகைக்கும் ஏறும். எல்லா ஈர்க்கும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் அவையும் ஒன்றோடொன்று பொருந்திப் படுக்கும்தானே.

சரி, விலை கூடிய போத்தல் எப்படித் தப்பியது? அதன் அடியில் 'டிரைட்டன்' என்று இருக்கிறதா பாருங்கள். அது கோ-பொலியெஸ்டரில் இன்னொரு வகையின் வணிகப் பெயர். அந்த வகையிலும் பளிங்கு இல்லை. ஆனால் அதில் சேர்க்கிற இன்னொரு கிளைக்கோலின் வளையம் மிக விறைப்பானது. சங்கிலி லேசில் அசையாது, தளரச் சுமார் 110 பாகை வேண்டும். கொதிதண்ணீருக்கும் அதற்கும் இடையில் இருப்பது அந்தப் பத்துப் பாகைதான்.

மறுசுழற்சி முக்கோணத்துக்குள் 7 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 'மற்றவை' எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். எத்தனை பாகை தாங்கும் என்று அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மலிவான பெட்டியில் 'சுடுதண்ணீருக்கு ஏற்றது' என்று எழுதியிருந்தால் பற்றுச்சீட்டோடு போய்க் காசைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. வாயால் மட்டும் சொன்னார் என்றால் வழக்காடி வெல்வது கஷ்டம்.

கேள்வி: கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரைப் பழைய சோடாப் போத்தலில் பிடித்து வரலாமா? இன்னொன்று, பழச்சாறு வாங்கிய ஒரு போத்தலின் கழுத்து மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பழுதா?
- வாசகர், சாம்பல்தீவு

பதில்: தாராளமாகப் பிடிக்கலாம். அந்த ஏழு கிணறுகளிலும் தண்ணீர் சுமார் 40 பாகைதான். பெட் தளர 70ஐத் தாண்ட வேண்டும். முன்பு சொன்ன 250 பாகை பளிங்கு உருகும் சூடு; பளிங்காகாத பகுதி அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். வீட்டுக் கேத்தல் தண்ணீரை மட்டும் அதில் ஊற்றாதீர்கள், சுருங்கிப்போகும்.

வெள்ளைக் கழுத்து பழுதில்லை. சாற்றைச் சூடாகவே நிரப்புகிற போத்தல்களில் கழுத்தை வேண்டுமென்றே சூடாக்கிப் பளிங்காக்குவார்கள். சிறு பளிங்குகள் ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் பால் வெள்ளையாகத் தெரியும். நிரப்பும் சூட்டில் திருகுமரை நெளியாமல் மூடி இறுக உட்காருவது அதனால்தான்.