மூணாவது நாள்ல தோத்துடுறேன் அக்கா

கேள்வி: அக்கா, பினாங்கு பிறையில ஃபேக்டரில நைட் ஷிஃப்ட். வேலை முடிஞ்சு வந்தா கஞ்சா இல்லாம தூக்கமே வரல. மூணு தடவ விட்டுப் பார்த்தேன், மூணாவது நாளே திரும்ப ஆரம்பிச்சிடுறேன். கிளினிக் வாசல்ல யாராச்சும் பார்த்துட்டா அம்மா காதுக்குப் போயிடும். ஆன்லைன்ல ஏதாச்சும் உதவி இருக்கா?

பதில்: தம்பி, மூணாவது நாள்தான் கஷ்டமான இடம், உன் மனசு வீக்குன்னு இல்ல. நிறுத்துன ஒண்ணு ரெண்டு நாள்ல எரிச்சல், வியர்வை, பசியில்லாம ஆரம்பிச்சு முதல் வாரத்துல உச்சத்துக்குப் போய், ரெண்டு வாரம் போல ஆனா பெரும்பாலும் அடங்கிடும், தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கும், கண்ட கண்ட கனவெல்லாம் வரும், பயந்துடாத. மரிஹுவானா அனோனிமஸ்னு, கஞ்சாவ விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் கை கொடுக்குற குழு ஒண்ணு, 1989ல அமெரிக்கால ஆரம்பிச்சது, ஆன்லைன்லயும் கூட்டம் நடத்துறாங்க, காசு கிடையாது, கேமராவ மூடிட்டு சும்மா கேட்டுட்டும் இருக்கலாம். இங்கிலீஷ்தான் பெரும்பாலும். அவங்களுக்கு சாயந்தரம்னா நமக்கு காலைல, நீ வீட்டுக்கு வந்து கோப்பி கலக்குற நேரம், அந்த வகையில உனக்கு லக்குதான் லா! ஆனா ஒண்ணு, இங்க மலேசியால 1952 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா பிடிக்கிறதே குத்தம், அதனால முகம் தெரியாத டெலிகிராம் குரூப்ல போட்டோ, சொந்தப் பேரு எதையும் போட்டு வைக்காத. மனசு ரொம்ப பாரமா ஆயிடுச்சுன்னா 15555க்கு அடி, சுகாதார அமைச்சோட ஹீல் லைன் அது, மனநல உதவிக்கான போன் நம்பர்.