64 இனம்தான் பார்த்தோம், அறிக்கையில் 90 எப்படி வந்தது?

கேள்வி: 20 கட்டங்களில் (நிலத் துண்டுகளில்) வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பு நடத்தினோம். கிடைத்தவை 64 இனங்கள். அறிக்கை எழுதித் தந்தவரோ ‘இங்கு உண்மையில் 90 இனங்கள் உள்ளன’ என்கிறார். நம்பலாமா?

பதில்: கூடுதலாக வந்த 26-உம் உங்கள் பட்டியலிலிருந்தே வந்தவைதான். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் தென்பட்ட இனங்கள் 18, சரியாக இரண்டு கட்டங்களில் தென்பட்டவை 6 என்று அனுப்பியிருக்கிறீர்கள். 18-ஐ 18-ஆல் பெருக்கி, 6-இன் இரு மடங்கான 12-ஆல் வகுத்தால் 27. கட்டங்கள் 20 என்பதால் அதை 19/20-ஆல் பெருக்க, ஏறக்குறைய 26. தைவான் புள்ளியியலாளர் ஆன் சாவோவின் ‘சாவோ 2’ முறை இது. அரிதாகச் சிக்கியவை மிகுதியென்றால் சிக்காமலே போனவையும் மிகுதி என்பதே இதன் அடிப்படை. ஆனால் இந்த முறை சொல்வது ‘குறைந்தது 90’ என்றுதான். ‘உண்மையில் 90’ என்று எழுதியது தவறு.

அந்தக் ‘குறைந்தது’கூட இனங்களைச் சரியாக அடையாளம் கண்டிருந்தால்தான் செல்லும். அந்தப் 18-ஐயும் படத்தோடு வைத்துச் சரிபாருங்கள். அவற்றில் ஆறு, பொதுவான இனங்களைத் தவறாகப் பெயரிட்டவை என்று வையுங்கள். 64 என்பது 58 ஆகும், 18 என்பது 12 ஆகும், மதிப்பீடு 69-க்கு இறங்கிவிடும். ஆறு பிழைக்கு இருபத்தொரு இனம் காணாமல் போகிறது! அவசரத்தில் அடையாளம் கண்டவை பெரும்பாலும் இந்த ஒற்றைப் பதிவுகளில்தான் வந்து சேரும்.

அடுத்தது, அறிக்கை எழுதித் தருபவர்கள். மென்பொருள் ஒரே சொடுக்கில் பல மதிப்பீடுகளைக் கொட்டும். உங்கள் தரவுக்கே ‘முதல்நிலை ஜாக்நைஃப்’ என்ற இன்னொரு மதிப்பீட்டு முறை 81 என்கிறது. இடத்தைக் காக்க வேண்டியவருக்குப் பெரிய எண், திட்டத்துக்கு அனுமதி வாங்க வேண்டியவருக்குச் சிறிய எண் என்று பொறுக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. எந்த முறை என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதி வாங்குங்கள். கட்டவாரியான மூல அட்டவணையும் 95% நம்பிக்கை இடைவெளியும் (மதிப்பீடு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்கலாம் என்ற வரம்பு) கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். படிவங்களில் ‘மொத்த இனங்கள்’ என்று ஒற்றைப் பெட்டி மட்டும் வைத்திருக்கும்வரை இந்தக் கூத்து ஓயாது.

ஒரு விதிவிலக்கு. இரண்டு கட்டங்களில் கிடைத்த இனம் ஒன்றுமே இல்லையென்றால் மேலே சொன்ன வகுத்தல் நடக்காது. அப்போது 18-ஐ 17-ஆல் பெருக்கி, பாதியாக்கி, 19/20-ஆல் பெருக்குவார்கள். 145 வரும். 64-உடன் சேர்த்தால் 209! கணக்கு சரி, எண் உதவாது. இரட்டைப் பதிவு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் இதே சூத்திரத்தில் 2-க்குப் பதிலாக 4-ஆல் வகுக்க வேண்டிவரும்; அந்த 145 ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். இவ்வளவு ஆட்டம் காணும் எண்ணை அச்சிடவே கூடாது. இன்னும் சில கட்டங்கள் போட்டுவிட்டு மறுபடி கணக்கிடுங்கள்.