தையலுக்கும் குயில்ட் (பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை) வேலைக்கும் வீட்டில் ஒரு அறை: என்ன விளக்கு வாங்கலாம், எங்கே மாட்டலாம்?

மதுரை வீட்டில் 10க்கு 10 அடி அறை, நடு உச்சியில் ஒரே ஒரு ட்யூப்லைட், ராத்திரி கருப்புத் துணியில் தையல் தெரியவில்லை, அதே இடத்தில் பெரிய வாட் விளக்கு போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியாகாது. மிஷின் சுவரோரமாக இருக்கும், நீங்கள் சுவரைப் பார்த்து உட்காருவீர்கள், விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். குனிந்ததும் உங்கள் தலை நிழல் நேராக ஊசி மேல் விழும். 20 வாட்டை 40 ஆக்கினாலும் அந்த நிழல் அங்கேயேதான் இருக்கும். அதனால் முதலில் இடத்தை மாற்றுங்கள், விளக்கை அப்புறம் வாங்கலாம்.

வீட்டுத் தையல் மிஷினில் தூண் வலது பக்கம், ஊசி இடது பக்கம். வலப்புறத்திலிருந்து வெளிச்சம் வந்தால் தூணின் நிழல் ஊசிப் பக்கம் சாயும். நேர் எதிரே இருந்து மட்டும் வந்தால், மிஷின் தலையின் நிழல் உங்கள் பக்கம், துணியை நீங்கள் பிடித்து நகர்த்தும் இடத்திலேயே விழும். ஆகவே இரண்டு விளக்கு வேண்டும்: எதிர்ச்சுவரில் ஒன்று, இடப்பக்கச் சுவரில் ஒன்று. இரண்டும் 4 அடி, 20 வாட் எல்இடி பேட்டன் (ட்யூப்லைட் போன்ற நீள விளக்கு) போதும். ஒன்று சுமார் 2000 லூமன் தரும்; லூமன் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் மிஷினில் இதேதான். கைத்தையலுக்கும் வெட்டுவதற்கும் மட்டும் வலப்பக்க வெளிச்சம் வேண்டும்.

உயரம் முக்கியம். தரையிலிருந்து 7 அடி, மிஞ்சினால் 7½ அடி. நம் ஊரில் சீலிங் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால், இறக்கை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தை வெட்டும். துணி மேல் அந்த நிழல் விட்டுவிட்டு ஓடும். அரை மணி நேரத்தில் கண் வலிக்கும், தலை வலிக்கும், ஆனால் காரணம் ஃபேன் என்று யாருக்கும் தோன்றாது. விளக்கை இறக்கை மட்டத்துக்குக் கீழே சுவரில் மாட்டினால் இது அடியோடு போய்விடும்.

இந்த இரண்டு பேட்டனும் அறை முழுக்க ஏறக்குறைய 200 லக்ஸ் (ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) கொடுக்கும். நடமாடவும் துணி மடிக்கவும் அது போதும். தைப்பதற்கு மேஜை மேல் 500 லக்ஸ் வேண்டும்; கருப்பு, கருநீலம், கைத்தையல் என்றால் 1000 பக்கம் போனால்தான் சுகம். அதை உச்சி விளக்கால் கொண்டுவர முயல்வது வீண் செலவு. கை வளையும் டேபிள் லேம்ப் ஒன்றை மேஜை விளிம்பில் இறுக்கி, 9 வாட் எல்இடி பல்பு போட்டு, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு இறக்கினால் 1000 லக்ஸை ஒட்டி வந்துவிடும். தூரம் பாதியானால் வெளிச்சம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. வாட்டை ஏற்றுவதைவிட விளக்கைக் கிட்டே கொண்டுவருவது எப்போதும் லாபம். இந்த லேம்ப்களில் பெரும்பாலும் திருகு ஹோல்டர்தான் வரும். வீட்டில் இருக்கும் பின் பல்பு பொருந்தாது, பார்த்து வாங்குங்கள்.

ஊசி முனைக்குத் தனி விளக்கு தேவை. பழைய கறுப்புத் தலை மிஷின் இரும்பு என்பதால் காந்தம் வைத்த சின்ன எல்இடி அப்படியே பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உடம்பு மிஷினில் காந்தம் பிடிக்காது, கிளிப் வகை வாங்க வேண்டும். ஊசிக்கு இடப்புறம், கொஞ்சம் பின்னால் வையுங்கள். மிஷினின் நூல் தூக்கி ஏறி இறங்கும் வழியில் விளக்கின் கழுத்து நிற்கக்கூடாது, ஒயர் வீல் பெல்ட் பக்கம் போகக்கூடாது. தகட்டின் பளபளப்பில் எல்இடி புள்ளிகள் கண்ணைக் குத்தினால் விளக்கைச் சற்றுச் சாய்த்தாலே பாதி குறையும்.

அடுத்தது நிறம். பேட்டன் பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 3000 மஞ்சள், 6500 நீலம் கலந்த வெள்ளை, 4000 நடுவில். நம் வீடுகளில் 6500 தான் அதிகம். நீண்ட நேரம் தைக்க 4000 இதமாக இருக்கும் என்பது என் கருத்து, ஆனால் 6500 தவறில்லை. தவறு எது என்றால் கலப்பது: சுவரில் 6500, டேபிள் லேம்பில் 3000 என்று போட்டால் ஒரே ஒட்டுத்துணியின் இரண்டு பாதி இரண்டு நிறமாகத் தெரியும்.

கெல்வினைவிடப் பெரிய விஷயம் சிஆர்ஐ. நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது, உச்சம் 100. சாதாரண பேட்டனில் 80 என்று போட்டிருக்கும். 80 உள்ள எல்இடி பெரும்பாலும் அடர்சிவப்பில்தான் சறுக்கும். அரக்குச் சுங்குடியை அதன் கீழ் விரித்துப் பாருங்கள், சிவப்பு செத்துப்போய் பழுப்பாக நிற்கும்; கருநீல நூலும் கருப்பு நூலும் ஒன்றாகத் தெரியும். டேபிள் லேம்ப் பல்பாவது 90க்கு மேல் கேட்டு வாங்குங்கள். கடையில் எடுத்துத் தராவிட்டால் ஆர்டர் போட்டாவது வாங்கலாம், ஒரே ஒரு பல்புதானே.

வெள்ளைக்கு அதுவும் உதவாது. பழைய வேட்டித் துண்டையும் புதுக் காடாத் துணியையும் சேர்த்துக் குயில்ட் போடுகிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. சலவைத்தூளில் உள்ள வெளுப்பான்கள் புற ஊதா ஒளி பட்டால்தான் பளிச்சென்று நீலம் காட்டும். எல்இடியில் அது கிட்டத்தட்ட இல்லை. ராத்திரி ஒன்றுபோல் தெரிந்த இரண்டு வெள்ளையும் காலையில் மொட்டை மாடியில் காயப்போடும்போது தனித்தனியாகத் தெரியும். அதனால் நிறம் சேர்ப்பதைப் பகலில், ஜன்னலோரம் செய்யுங்கள். மதுரை விளக்குத்தூண் கடைத்தெருவில் துணி எடுத்தாலும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து ஒரு முறை பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

ஜன்னல் என்றதும் வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். குளிர்நாடுகளுக்கு அது பொருந்தும். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடு வரைக்கும் உச்சிவெயில் நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். காலையிலும் சாயங்காலமும் வடக்கு ஜன்னல் வழியே சாய்வெயில் நேராக உள்ளே வரும். அந்த மாதங்களுக்கு சன்ஷேடோடு ஒரு மெல்லிய வெள்ளைத் திரையும் போடுங்கள். துணி அடுக்கிய அலமாரி அந்த வெயில் படும் இடத்தில் இருந்தால் மடிப்பு விளிம்பு மட்டும் வெளுத்துக் கோடு விழுந்துவிடும், அந்தத் துணி வீண். மேற்கு ஜன்னலை எதிர்பார்க்காதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானத்துக்கு மேல் அதை மூடித்தான் வைப்பீர்கள், பகலிலும் விளக்கில்தான் தைக்க வேண்டியிருக்கும்.

குயில்ட்டுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்ததும் எங்கே சுருங்கியிருக்கிறது, எங்கே தையல் தவறியிருக்கிறது என்று மேலிருந்து வரும் வெளிச்சத்தில் தெரியாது. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, டேபிள் லேம்ப்பை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் படுக்க வைத்து வெளிச்சம் அடியுங்கள். ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். அடித்துணியில் விழுந்த சின்ன மடிப்புக்கூடத் தப்பாது. கருப்பு மேல் கருப்பு நூல் போட்டிருந்தால் பிரிப்பதற்கும் இதே சாய்வு வெளிச்சம்தான் வழி.

மலிவான எல்இடி துடிக்கும், நொடிக்கு 100 முறை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓடுகிற வீல் நிற்பதுபோலத் தோன்றலாம், அது விரலுக்கு ஆபத்து. கடையிலேயே விளக்கைப் போடச் சொல்லி, அதன் கீழ் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்கள். தொடர்ச்சியான மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் வேண்டாம். துடிக்கும் விளக்கைப் போன் கேமராவில் ஸ்லோ மோஷன் வைத்துப் பார்த்தாலும் வரி ஓடும்.

சுவரும் சீலிங்கும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில், பளபளப்பு இல்லாத பெயிண்டாக இருக்கட்டும். அடர்பச்சைச் சுவர் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். இரண்டு பேட்டனுக்கும் தனித்தனி ஸ்விட்ச் கேளுங்கள். அயர்ன் பாக்ஸுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக. லேம்ப், மிஷின் மோட்டார், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். வீட்டில் 60 வயதைத் தாண்டியவர் தைக்கிறார் என்றால் மேலே சொன்ன டேபிள் லேம்ப் அவருக்கு ஒன்று கூடுதலாகவே வேண்டும். அந்த வயதில் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இளவயதில் போவதில் மூன்றில் ஒரு பங்குதான்.